நாற்பத்தேழாவது படம்

"இதத்தான் சார் முதல்ல எடுத்துட்டுப் போயிருக்கணும்" என்றாள் கிருத்திகா, சுவரை விட்டுக் கண்ணெடுக்காமல்.

ஜோகுபாளையத்து அந்த வாடகை வீட்டிலிருந்து நாற்பத்தாறு கேன்வாஸ்கள் வேனில் ஏறியாகிவிட்டது. அவள் கணக்கில் நாற்பத்தேழாவது, முன்னறைச் சுவரிலேயே இருந்தது.

"சரிம்மா" என்றார் ஜெயராஜ் சார்.

கல்லூரியில் முப்பது வருடம் ஓவியம் சொல்லிக் கொடுத்தவர். என்ன வரைந்திருக்கிறார் என்று புரியாவிட்டாலும் கேட்க யாருக்கும் தைரியம் வராத அரூப ஓவியர். ஒரு கோடு பிசகினால் வகுப்பையே நிற்க வைத்துத் திட்டியவர், மனைவி பிரிஜெட் இறந்த இந்தப் பதினாலு மாதமாக எதற்கும் சரிம்மாதான்.

ஹெப்பகோடியில் என் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று மகள் லவினா சொன்னாள், சரிம்மா. கண்காட்சி வைக்கிறேன் என்று பழைய மாணவி கிருத்திகா சொன்னாள்; அதற்கும் சரிம்மா. மனுஷருக்கு உள்ளே மரத்துப் போயிருந்தது. ஆயுசு முழுக்க வரைந்ததெல்லாம் வாசலைத் தாண்டிப் போனபோது, குப்பை வண்டி போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்காரர் பிரகாஷ் எட்டிப் பார்த்தார். "சார், திங்கக்கெழம ஜேசிபி வருது. சாவியக் கொஞ்சம் இன்னிக்கே கொடுத்துடுங்க."

சார் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஆனால் நீட்டவில்லை. "அந்தச் செவுரு..." என்று சுவர்ப் பக்கம் திரும்பினார்.

கிருத்திகாவுக்குப் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை வீட்டோடு சேர்ந்து இதுவும் மண்ணாகிவிடும். அவருக்கு மிச்சமிருந்த ஒரே கவலை அதுதான்.

"அறுத்து எடுத்துடலாம் சார். பூச்சோட, செங்கல்லோட."

"முடியுமா?" என்றார். பதினாலு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டு அவள் மறுபடி சுவர் பக்கம் வந்தாள். 'என்னன்னு கேக்காத, பாரு' என்பது முதல் வருடமே அவர் அவள் மண்டையில் ஏற்றிய பாடம். அதனால் என்னவென்று கேட்கவில்லை, பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தேன் நிறம், நடுவில் அடர்ந்து, ஓரத்தில் மெல்ல மெல்ல வெளிறிச் சுண்ணாம்போடு கலந்துவிட்டிருந்தது. எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

"பிரஷ் மார்க்கே இல்லையே சார். ஆயிலா?"

"ஆயில்தான்."

"எத்தன நாள் ஆச்சு இதுக்கு?"

"இருபத்தாறு வருஷம். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா."

கிருத்திகாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியே ஒருவருக்கும் காட்டாமல் மனிதர் இப்படி ஒன்றை வைத்திருந்திருக்கிறாரே என்று இன்னும் நெருங்கிப் பார்த்தாள்.

மேஸ்திரி நரேஷ் மெஷினோடு வந்தார். சுவரைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார். "இதுக்குப் போயா அறுக்கச் சொல்றீங்க மேடம்? பட்டி பாத்து ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சா மறஞ்சிடும்."

"உங்களுக்குத் தெரியாததப் பத்திப் பேசாதீங்க. வேலயப் பாருங்க" என்று சுள்ளென்று விழுந்தாள் கிருத்திகா. நரேஷ் அறுக்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார்.

மெஷின் அலறியது. முன்னறை முழுக்கச் செங்கல் தூசி. சார் மட்டும் மூக்கைக்கூடப் பொத்தாமல் பக்கத்திலேயே நின்றார். பாதி அறுத்ததும் மேல் மூலையில் பூச்சு விரிந்து, கீறல் ஒன்று நடுவை நோக்கி இறங்கியது. சார் ஓடிப்போய் இரண்டு கைகளாலும் சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப்பா. மெதுவா."

கீறல் ஓரத்தோடு நின்றது. ஒரு வழியாக நரேஷும் இரண்டு ஆட்களும் அந்தத் துண்டை உடையாமல் இறக்கி, வேனுக்குள் விரித்த பழைய மெத்தையின்மேல் படுக்க வைத்தார்கள். சுவரில் விழுந்த ஓட்டை வழியே பக்கத்து வீட்டுத் துணிக்கொடி தெரிந்தது. சார் சாவியைப் பிரகாஷ் கையில் கொடுத்துவிட்டார்.

வேன் படியில் உட்கார்ந்து கிருத்திகா அட்டையில் எழுதினாள். "தலைப்பு இல்லை. சுவரில் ஆயில். ஓவியர் ஜெயராஜ். சரியா சார்?"

"இல்லம்மா."

அவள் நிமிர்ந்தாள். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"அது கண்காட்சிக்கு வேணாம். என்னோட ஹெப்பகோடிக்கு வரட்டும்."

"சார், ஷோவுக்கே இதுதான் சார் நடுநாயகம். நீங்க வரஞ்சதுலயே இதுதான் பெஸ்ட். நீங்க கத்துக்குடுத்த கண்ணாலதான் சொல்றேன்."

சார் வேனுக்குள் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, சுவர்த் துண்டின்மேல் படிந்திருந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டார்.

"நான் வரையலம்மா. பிரிஜெட் தெனமும் அங்கதான் தல சாச்சு உக்காருவா. தேங்காயெண்ணெ அது."