சக்கரம் ஆறிய வயல்

திருச்சியிலிருந்து கிளம்பும் காலை விமானம் அன்றும் சக்கரங்களைத் தொங்கவிட்டபடியே தியாகேசனின் வயலைக் கடந்தது.

"பிரேக் சூடாயிருந்தா சக்கரத்தை உள்ள இழுக்க மாட்டாங்கப்பா. காத்துல ஆறட்டும்னு வெளியிலயே விட்டுருவாங்க," என்றாள் விமானப் பராமரிப்பு படிக்கும் மகள் ஜெயபாரதி.

வயலில் முந்தின நாள் நட்ட நாற்றுகள் மூன்று தடங்களாக நசுங்கிக் கிடந்தன. வரப்பு எங்கும் உடையவில்லை. தடத்தில் தேங்கிய தண்ணீர் சுட்டது.

தியாகேசன் மறுபடி நட்டார். மறுநாளும் அதே தடங்கள்.

"அந்த இடத்தை விட்டுருங்கப்பா."

"ஏன் விடணும்? நம்ம வயல்."

அடுத்த நாள் விமானம் வரும்போது அவர் வயல் நடுவே போய் நின்றார். தலைக்கு மேலே சக்கரங்கள் மெல்ல உள்ளே மடங்கின. புதிதாக ஒரு நாற்றும் சாயவில்லை.

வரப்பேறியவரின் கால்கள் கணுக்கால்வரை கொப்பளித்திருந்தன.

"மிச்ச நாத்தை எடும்மா," என்றார்.