கோட்டுக்கு அந்தப் பக்கம்

“நீ எந்தப் பக்கம்மா படுக்கிற?”

போன முறை வந்தபோது நில அதிகாரி கேட்டது.

அவள் இடப்பக்கக் கட்டிலைக் காட்டினாள்.

“தூக்கத்துல புரண்டு கோட்டைத் தாண்டிடாத. நிலம் போயிடும்” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

இன்று மறுபடியும் குதிரைச் சத்தம்.

குடிசையின் நடுவே, மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த திரை. அதன் கீழே மண் தரையில், நிலம் அளந்தவர்கள் அடித்துவிட்டுப் போன முளை. முளைக்கு இடப்பக்கம் அவள் நிலம். வலப்பக்கம் டோபியாஸின் நிலம்.

கூரை ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவில் குடியேற வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் நிலம். அவரவர் நிலத்தில் அவரவர் படுத்து எழ வேண்டும். கல்யாணமான பெண்ணுக்குத் தனி நிலம் கிடையாது. பொய் என்று தெரிந்தால் இரண்டு நிலமும் போகும்.

மழைக்காலத்துக்கு முன்பே, யாருக்கும் சொல்லாமல், அவளும் டோபியாஸும் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள்.

யாரோ படுத்து எழுந்தது போல வலப்பக்கக் கட்டிலைக் கலைத்துவிட ஓடினாள்.

போர்வையின் நடுவே கோழி. அடையில் இருந்தது. கை நீட்டியதும் கொத்தியது.

கட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று அவளே வைத்த முட்டைகள்.

அதிகாரி குனிந்து உள்ளே வந்தார். அவரிடம் ஒயின் வாசனை. ஓடைக்கு அக்கரையில் பெரிய ஆட்டுப்பண்ணைக்காரர் வீட்டு விருந்திலிருந்து வருகிறார். இந்த இரண்டு நிலமும் எப்போது காலியாகும் என்று காத்திருப்பவர் அந்தப் பண்ணைக்காரர்.

அதிகாரி திரையை விலக்கினார்.

“டோபியாஸ் இதுலதான் படுக்கிறானா?”

“ஆமாங்கய்யா.”

“கோழியோடயா?”

“நேத்துதாங்கய்யா ஏறி உட்கார்ந்துச்சு. விரட்டினா கொத்துது.”

வெளியே, யூகலிப்டஸ் மரங்களுக்குள் டோபியாஸின் கோடாலிச் சத்தம் நின்றது. குதிரையைப் பார்த்திருப்பான்.

கோழிக்கு அடியில் கீச்சென்று ஒரு குரல்.

அவள் இருமினாள்.

மறுபடியும் கீச். இறகை விலக்கிக்கொண்டு, ஈரம் காயாத சின்னத் தலை ஒன்று வெளியே வந்தது. குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள் ஆகும்.

அதிகாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அவருடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூட்ஸ் திரும்பியது. முளையைத் தாண்டியது. அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அங்கே இரண்டு தலையணைகள். இரண்டிலும் தலை அழுந்திய பள்ளம்.

அதை அவள் மறந்தே போயிருந்தாள்.

அவளுடைய முடி கறுப்பு. அதிகாரி ஒரு தலையணையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்த முடி, சிவப்பு.

முடியைக் கீழே விட்டார்.

அந்தத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரையைத் தாண்டினார். கோழிக்கு அப்பால், கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். கோழி அவர் கையையும் கொத்தியது.

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

குதிரை ஓடைப் பக்கம் திரும்பவில்லை.