முள்ளெலிக்கான இருட்டு

மனித குலத்தின் அறிவு இந்த அக்டோபரில், நாட்டிங்ஹாமில் எங்கள் சமையலறை ஜன்னலருகே முடிவுக்கு வந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்வேன். அங்கே அப்பா விளக்கை அணைத்துவிட்டு ஒரு முள்ளெலிக்காகக் காத்திருக்கிறார். வேலிப் பலகையின் அடியில், அது நுழைவதற்காக அம்மா அறுத்துவிட்ட ஓட்டை. ஓட்டைக்கு முன்னால் அவளுடைய நீலத் தட்டில் முள்ளெலிக்கு வைத்த பூனைத்தீனி மழையில் ஊறி உப்புகிறது. அம்மாவை அடக்கம் செய்து பதினொரு நாளாகிறது. அதற்கப்புறம் முள்ளெலி வரவேயில்லை. குளிர் இறுகிவிட்டால் வசந்தம் வரை தூங்கப் போய்விடும். பிரிட்ஜ் உறுமத் தொடங்குகிறது. அப்பா எழுந்து பிளக்கைப் பிடுங்குகிறார்.

"சத்தம் கேட்டா வராது, டோபி."

"தோட்டத்துல இருக்கறதுக்கு நம்ம பிரிட்ஜ் கேக்குமாப்பா? பால்தான் கெட்டுப்போகும்."

"உங்கம்மா பிடுங்கி வைப்பாடா."

கொஞ்ச நேரம் கழித்து பிளக்கை மறுபடி மாட்டிவிட்டு மாடிக்குப் போகிறார். படிகள் ஒவ்வொன்றாக முனகுகின்றன. சூடு மாறாத அவர் நாற்காலியில், சும்மாதான், உட்காருகிறேன். ஓட்டையருகே ஈர இலைகள் அசைகின்றன. காற்றாகவும் இருக்கலாம். பிரிட்ஜ் மறுபடி உறுமுகிறது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்குகிறேன்.