தெரியாத இடம்

“எங்க வீட்டுப் பொண்ணு தெரியாத இடத்துக்குப் போறவ இல்லம்மா. உங்க மிஷினுக்குத் தெரியலன்னா அது மிஷினோட குறை.”

பெரியவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் பேசுவதற்கும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்கிற மனிதர்.

மறுமுனையில் இருந்த பெண் கோபப்படவில்லை. “புரியுது சார். இடம் காட்டுற சந்தாவைப் பத்தித்தானே கேக்குறீங்க?”

அதைப் பற்றித்தான். குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் சேவை. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் சந்தா கட்டி, நான்கு பேர் போனிலும் போட்டுவிட்டிருந்தான். அம்மாவுக்கு அடிக்கடி மயக்கம் வருகிறது, அப்பா தனியாக நடக்கப் போகிறார், ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்றான்.

பெரியவர் நடக்கப் போகும்போது போனை எடுத்துப் போவதே இல்லை. அதை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். “ஏன் மாமா, அலமாரி எங்கயும் ஓடிப் போயிடாம இருக்கவா சந்தா கட்டுறோம்?” என்று மருமகள் சிரிப்பாள்.

அந்த மருமகள் சில நாட்களாகச் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவள் வெளியே போனால், கொஞ்ச நேரத்தில் எல்லார் போனும் ஒலிக்கும். அவள் பெயர் வரும். பக்கத்தில், ‘தெரியாத இடத்தில் இருக்கிறார்’ என்று வரும்.

மகன் கேட்டான். முதலில் விளையாட்டாகக் கேட்டான். பிறகு அந்த விளையாட்டு போய்விட்டது.

“ஒரு இடத்துக்குத்தான் போறேன்” என்றாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நேற்று போனில் அவன் போட்ட சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. பெரியவரின் மனைவி, மடித்து வைத்த துணியையே எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

தன் வீட்டுக்கு வாழ வந்தவளைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி எழுந்ததே பெரியவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதை எழுப்பியவன் தன் மகன் என்பது இன்னும் ஆழமாகத் தைத்தது.

“அந்த இடத்துக்கு உங்க கணக்குல பேர் இல்ல சார். அதனாலதான் அப்படி வருது” என்றாள் சேவைப் பெண்.

“அந்த அறிவிப்பை நிறுத்திட முடியாதா?”

“நிறுத்தலாம் சார். ஆனா நிறுத்தியாச்சுன்னு எல்லாருக்கும் ஒரு அறிவிப்பு போகும்.”

“நல்லா செஞ்சிருக்கீங்க” என்றார் பெரியவர். அந்த அறிவிப்பைப் பார்த்தால் மகன் என்ன நினைப்பான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஒரு பேர் வெச்சிட்டீங்கன்னா பிரச்சினை இல்ல சார். அப்புறம் அந்தப் பேரைத்தான் காட்டும்.”

“என் போன்ல மட்டுமா?”

“நாலு போன்லயும். யார் வெச்சாங்கன்னும் வரும்.”

சமையலறையில் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள். இன்று தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். பேர் வைக்கணும்.”

“சரி சார். வியாழக்கிழமைப் புள்ளி ஒரு தையல் கடை மேல நிக்குது. அந்தக் கடைதானா?”

“கடை இல்லம்மா. அதுக்கு மேல மாடி வீடு. படி பக்கத்துச் சந்துல இருக்கு. கைப்பிடி ஒரு பக்கம் கழண்டிருக்கும்.”

“நீங்க போயிருக்கீங்களா சார்?”

“படிக்குக் கீழ வரைக்கும்.”

“வேலை இடம், பள்ளி, ஆஸ்பத்திரி, உறவினர் வீடு, இப்படிப் போடலாம் சார். இல்ல, நீங்களே ஒரு பேர் சொன்னாலும் சரி.”

‘உறவினர் வீடு’ போதும். மருமகள் தலை தப்பிவிடும். யார் எவர் என்று யாரும் துருவ மாட்டார்கள். வாய் வரைக்கும் வந்ததைப் பெரியவர் விழுங்கினார். அரைகுறையாக ஒன்றைச் சொல்லிக் குடும்ப மானத்தைக் காப்பாற்றி அவருக்குப் பழக்கமில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்து, பெயரைச் சொன்னார்.

“போட்டுட்டேன் சார். வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?”

“போனை எடுத்துக்கிட்டு நான் அங்க போனா, எனக்கும் அதே பேரைத்தான் காட்டுமா?”

“அதே பேர்தான் சார்.”

“சரிம்மா” என்று வைத்தார்.

அவர் கையில் போன் ஒலித்தது. உள்ளறையில் ஒலித்தது. சமையலறையில் ஒலித்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது.

‘புதிய இடம்: தங்கச்சி வீடு. பெயர் வைத்தவர்: அப்பா.’

அவர் கூடப் பிறந்தவள்; முப்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத உறவு. சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டவர் அவர்தான். புருஷனிடம் அத்தனை பேச்சு வாங்கியும் மருமகள் மீறாமல் இருந்தது அந்தக் கட்டளையைத்தான்.

உள்ளறைக் கதவைப் பிடித்தபடி மனைவி நின்றாள். ஈரக் கையோடு மருமகள் வந்து நின்றாள்.

பெரியவர் எழுந்து, அலமாரியைத் தாண்டிப் போய், செருப்பை மாட்டினார். போன் சட்டைப் பையில் இருந்தது. தினமும் நடக்கக் கிளம்புகிற அதே நேரம்.

“மாமா,” என்றாள் மருமகள். “பார்த்து ஏறுங்க. படியில கைப்பிடி கழண்டிருக்கு.”

“தெரியும்” என்றார்.