கடலில் இருக்கும் மகளின் பல் கிளிப்

கப்பலில் சமையல் வேலைக்குப் போன மகள், பல் கிளிப்பை வீட்டிலேயே மறந்துவிட்டாள். கம்பி கழற்றிய பிறகு, தூங்கும்போது அதை மாட்டாவிட்டால் பல் பழையபடி கோணிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கரைக்கு வர மாதக்கணக்காகும். சும்மா கிடந்து வீணாவானேன் என்று, பச்சைத் தண்ணீரில் கழுவி நானே மாட்டிக்கொண்டேன்.

"அது அவ வாய்க்கு அளவெடுத்துச் செஞ்சது. உங்க பல்லு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையப் பாக்குது," என்று மனைவி சிரித்தாள்.

ஆனால் கச்சிதமாக உட்கார்ந்தது. தினமும் மாட்டினேன்.

வீடியோ காலில் மகள் பல்லைக் காட்டினாள். வரிசை கலையவில்லை.

"இடப்பக்கக் கடவாய்ப்பல்லுதான் வலிக்குதுப்பா. கப்பல் டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறாரு."

மூட்டை தூக்கும்போது கடித்துக் கடித்து எனக்கு விண்டுபோயிருந்ததும் அதே பல்தான். யாரிடமும் சொல்லவில்லை. கிளிப்பை நிறுத்தினால் அவள் பல் கோணிவிடும். மறுநாள் வேலைக்குப் போகாமல், பல் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்.

பஞ்சைக் கடித்தபடி பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது.

"வலி போயிடுச்சுப்பா," என்றாள் மகள்.

வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு பேசுகிறவளைப் போல, அவளுக்கும் நாக்குக் குழறியது.