வெறும் எழுத்துக் கணக்கு

"இன்னா சார், நோட்பேட்ல கணக்கா?"

கணக்கு அடிக்கிற ஹேமாவதி அக்கா மூஞ்சி செத்துப்போச்சு.

"ஆமாம்மா. அந்த சாப்ட்வேர்காரனுக்கு வருசா வருசம் சந்தா அழ முடியல. அடுத்த மாசத்துலேர்ந்து வெறும் எழுத்துதான். தேதி, பேரு, தொகைன்னு வரி வரியா அடிச்சிட்டு வா. கூட்டிக் கழிக்க ஓசி புரோகிராம் ஒண்ணு இருக்கு, அது பாத்துக்கும்" என்றார் எங்க முதலாளி ஜெகதீசன்.

அம்பத்தூர் எஸ்டேட்ல சின்ன லேத் பட்டறை எங்களுது. நான் வேம்புலி, ஸ்டோர் பாக்குறேன். முதலாளி கஞ்சன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். காருக்குக் கவர் போட்டு ஊட்டுல நிறுத்திட்டு, சீசன் டிக்கெட்ல எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வர்ற மனுசன். ஆனா இப்படி ஒரு பொம்பள வயித்துல அடிப்பாருன்னு நான் நெனைக்கல.

மத்தியானம் டிபன் பாக்ஸத் தொறக்காமயே உக்காந்திருந்தாங்க அக்கா.

"பழசுன்னா எந்த மூலைல எந்தப் பட்டன் கீதுன்னு என் கைக்குத் தெரியும் வேம்புலி. புதுசுல தப்பு பண்ணா அனுப்பிடுவாரு. எங்க ஊட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு. பொண்ணு நர்சிங் முடிக்கணும். இனிமே எனக்கு எவன் வேல குடுப்பான்?"

"டைப் அடிக்கறதுல உன்ன அடிச்சிக்க ஆளு கீதா? கண்ண மூடிகினே அடிப்பியே. எதுக்குக்கா பயப்படுற?"

அக்கா ஒரு பில்ல எடுத்து நீட்டினாங்க.

"இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எவன் எழுதினானோ, கோழி கிளறுன மாதிரி கீது."

படிச்சுச் சொன்னேன்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குற முகமது ஆசிக் வந்து எல்லாத்தையும் மாத்தினாரு. கூடவே அக்கா மேஜைல ஒரு ஹெட்செட்டும் வந்து உக்காந்துச்சு. சரிதான், இனிமே பாக்கி வசூலுக்குப் போன் பேசறதும் இவங்க தலைல தான்னு நெனச்சேன். பத்திக்கினு வந்துச்சு எனக்கு.

டீக்கடையில ஆசிக்கப் புடிச்சேன். "இதுல எங்காளுக்கு எவ்ளோ பாய் மிச்சம்?"

"மிச்சமா? சந்தாவ விட என் பில்லு ஜாஸ்தி அண்ணாத்தே. ஹெட்செட்டே நல்ல வெல."

அப்போ காசு மிச்சம் பண்ண இல்ல. அக்காவ வெரட்டத்தான் இவ்ளோ வேலையும். போயேன்னு சொல்ல வாய் வராம, தானா ஓடட்டும்னு பாக்குறாரு. டீய பாதியில வச்சிட்டு நேரா முதலாளி ரூமுக்குப் போனேன்.

"வேணாம்னா வேணாம்னு நேரா சொல்லுங்க சார். இத்தினி வருசம் ஒழச்ச பொம்பள, அழுவுது. ஊரே உங்களக் கஞ்சன்னு காறித் துப்புது, தெரியுமா?"

வேலைய விட்டுத் தூக்கிடுவாருன்னு தான் நெனச்சேன்.

"கதவச் சாத்து" என்றார். "கஞ்சன்னே சொல்லட்டும். நீயும் அப்படியே சொல்லிக்கினு இரு. அந்த ஹெட்செட் போன் பேச இல்லடா. வெறும் எழுத்தா இருந்தா கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். காதுல கேட்டுக்கினே அடிக்கலாம். பழைய சாப்ட்வேர் கட்டம் கட்டமா இருக்குதா, அதப் படிக்க வராம முழிக்குது. ஆசிக்க வச்சுப் பாத்துட்டேன். பட்டறை சத்தத்துக்காகத்தான் ஹெட்செட்டுன்னு ஹேமாவதிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

"அவங்களுக்கு எதுக்கு சார் படிச்சுக் காட்டணும்? கண்ணா இல்ல?"

அவர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. தொடச்சிட்டு மறுபடியும் தொடச்சாரு.

"போன மாசம் ஸ்டேஷன்ல என் பக்கத்துல வந்து நின்னுச்சு. என் மூஞ்சிய நேராப் பாத்து, 'அண்ணே, வர்றது ஆவடி வண்டியா?'ன்னு கேட்டுச்சு. பக்கத்துல இருந்தவருக்கு ஜாடை காட்டி அவரப் பதில் சொல்ல வச்சேன். நான் வாயத் தொறக்கல, வேம்புலி. தொறந்தா என் குரல் அதுக்குத் தெரிஞ்சிடுமே."