எல்லா லைட்டும் புதுசு

பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கரண்ட் போனது.

அம்மா சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அங்கேயே மறுபடி சண்டை ஆரம்பித்திருக்கும்.

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் லைட் சண்டைதான்.

எனக்கு முப்பத்தாறு வயது. இதற்கு முன் வந்து பார்த்த இரண்டு குடும்பமும் பதிலே சொல்லவில்லை. கூடத்து ட்யூப்லைட் விட்டு விட்டு எரிந்ததுதான் காரணம் என்று அம்மா புஷ்பவல்லி முடிவு கட்டிவிட்டாள். அதுவும் இந்தப் பெண் ஈபி ஆபீஸில் வேலை பார்ப்பவள். லைட் சரியில்லாத வீட்டை மதிப்பாளா?

ஸ்டார்ட்டரும் சோக்கும் மாற்றினால் போதும் என்பது அப்பா அங்கமுத்துவின் கட்சி. எனக்குக் கட்சி கிடையாது. கல்யாணம் ஆனால் சரி.

அம்மாதான் ஜெயித்தாள். கூடம், சமையலறை, மாட்டுக்கொட்டகை வரை எல்.இ.டி. ஏறியது. கழற்றிய பழையதையெல்லாம் அப்பா துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார்.

புதன்கிழமை பத்து மணிக்குத்தான் வருவோம் என்று பெண் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா பஞ்சாங்கம் பார்த்தார், நல்ல நேரம். பேப்பரில் மின்தடை அறிவிப்பை ஒருவரும் பார்க்கவில்லை.

வந்தார்கள். பெண் தென்றலும் வந்திருந்தாள். வீடு பார்க்கப் பெண்ணே வருவது எங்கள் உடையார்பாளையம் பக்கம் வழக்கமில்லை. பக்கத்தில் அவளுடைய அக்கா.

மங்கலான கூடத்தில் எல்லோரும் வேர்த்து வழிய உட்கார்ந்தோம்.

"நேத்து ராத்திரி பாத்திருக்கணும்ங்க, எல்லா லைட்டும் புதுசு..."

அம்மாவால் முடிக்க முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பாவமாக இருந்தது.

ஒரு வாரமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத அப்பா, லைட் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அவளுக்கு விசிற ஆரம்பித்தார். விருந்தாளிகள் ஞாபகமே அவருக்கு இல்லை.

"வுடு புள்ள. வெளிச்சத்துக்கா பஞ்சம்?"

தென்றலின் அக்கா அவர்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் போய்விட்டதே என்று நான் அசடு வழிந்தேன்.

"தெரியும்ங்க. இந்த நாள சொன்னதே நான்தான்" என்றாள் தென்றல். கிண்டலாகச் சொல்லவில்லை. "எங்க அக்காவ குடுத்த வூட்டுல வாசல்லேர்ந்து கொல்ல வரைக்கும் லைட்டு லைட்டா போட்டுக் காட்டுனாங்க. நாங்களும் லைட்டத்தான் பாத்துட்டு வந்தோம்."

அந்த அக்கா பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். ஏன் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

தென்றல் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லோருமே அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அக்கா எழுந்தாள். கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டாள்.